வழியனுப்பு ஜெபம்

பூங்கொத்து வந்துவிட்டது. கேக் வந்துவிட்டது. அவள் சம்மதம் ஒன்றுதான் இன்னும் வரவில்லை.

“சபையை விட்டுப் போற யாரையும் நாங்க சும்மா அனுப்புறதில்லைம்மா,” என்றார் போதகர். “முன்னால கூப்பிட்டு, தலையில கை வெச்சு, எல்லாருமா ஜெபம் பண்ணித்தான் அனுப்புவோம். நீ மேல்படிப்புக்குப் போறேன்னு நானே அறிவிக்கிறேன். நீ தலையை ஆட்டினாப் போதும்.”

ஆலயத்தின் மைக் செட்டைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதனால் சபையில் எல்லோருக்கும் அவள் ‘மைக்கு’தான். ஆராதனைக்கு முன் போதகரின் அங்கியில் மைக்கைக் குத்திவிட்டு, அவரை “ஹலோ, ஹலோ” சொல்ல வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் செயலாளர் வந்து, “அதெல்லாம் அப்புறம். ரெண்டு பேரும் உள்ள வாங்க” என்று கையோடு கூட்டிவந்துவிட்டார். போதகர் அங்கி மாற்றும் அறை அது. ஆலயத்திலிருந்து இரண்டு கதவு தாண்டி வரவேண்டும். அங்கே இடி விழுந்தாலும் இங்கே கேட்காது. நாற்காலிகளில் போதகரும் செயலாளரும் மாதர் சங்கத் தலைவியும் உட்கார்ந்தார்கள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“எந்தக் காலேஜுக்கு ஐயா போறேன்? எனக்கே தெரியலையே.”

“அதை நாங்க கண்டுபிடிச்சுக்கிறோம்,” என்றார் செயலாளர்.

“வேலைக்கு வந்த பொண்ணு வந்த மாதிரி இருக்கணும்,” என்றாள் தலைவி. “கமிட்டிக்கு ஒரு டீ போடும்மான்னா, அது என் வேலை இல்லைங்கறே. பரம்பரையில யாரும் பார்க்காத டிகிரியை வாங்கினா வாய் காது வரைக்கும் நீளுமா?”

“டீக்காகவா ஆன்ட்டி என்னை அனுப்புறீங்க?”

காரணம் டீ இல்லை. மைக் செட் அறைக்குள் அவள் தனியாக இருந்தபோது உள்ளே வந்து கதவைச் சாத்தியவர் செயலாளர். சாத்தியவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். புகார் கொடுத்தவள் ‘பிரச்சினை பிடித்தவள்’ ஆகி நின்றுகொண்டிருந்தாள்.

“தலையாட்டலைன்னா?”

“அப்போ வேற மாதிரி அறிவிக்கணும்,” என்றார் போதகர், வருத்தமான குரலில். “ஒரு பெரியவர் மேல பொய் சொன்னதால நீக்கிட்டோம்னு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

வேலை போனால் போகட்டும், அவளுக்கு அது பெரிதில்லை. அவள் முதலில் சொன்னது அம்மாவிடம். அம்மா கன்னத்தில் ஒன்று வைத்தாள். “பெரிய மனுஷர் மேல பழி போடாதே. வாய் புழுத்துப் போகும்.” அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை, தட்டு மட்டும் நகர்த்தி வைக்கப்படும். தன்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே அம்மா காலம் முழுக்க இருந்துவிடுவாளோ என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த அம்மா இப்போது ஆலயத்தில், முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

மைக்கு தலையைக் குனிந்துகொண்டாள். கண்கள் போதகரின் இடுப்புப் பட்டையிலேயே நின்றன.

“பாருங்க, வெக்கம் வந்துடுச்சு,” என்றாள் தலைவி. “நல்ல பொண்ணுதான். சேர்க்கைதான் சரியில்லை.”

“தலையாட்டுறேன் ஐயா,” என்றாள் மைக்கு. “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் சொன்னது பொய்யா?”

“அது இப்போ எதுக்கும்மா?”

“பொய்யின்னா சொல்லுங்க. கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்.”

போதகர் நெற்றியைத் தேய்த்தார். “பொய் இல்லம்மா. இங்க இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். ஆனா உண்மையை எல்லாம் வெளிய சொன்னா சபை தாங்குமா?”

“அவரும் சொல்லட்டும்.”

செயலாளர் சிரித்தார். “சொன்னாப் போய்த் தொலைவியா? சரி. கதவைச் சாத்தினேன். கையைப் பிடிச்சு இழுத்தேன். நீ கத்தினே, விட்டுட்டேன். போதுமா? போய் உங்கம்மாகிட்ட சொல்லிப் பாரு. அவளே நம்ப மாட்டா.”

“நான் சொல்ல வேண்டியதில்லை.”

அவள் குரல் மாறியிருந்தது. போதகர் அவள் பார்வை போன இடத்தைக் குனிந்து பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த மைக் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இதை... இதை நீதானே எப்பவும் நிறுத்தி வைப்பே?”

“ஆமா ஐயா. வெளிய மிஷின்கிட்ட இருந்தா நிறுத்தியிருப்பேன். நீங்கதான் உள்ள கூட்டிட்டு வந்துட்டீங்களே.”

செயலாளர் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். தலைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நடையில் காலடிச் சத்தம் ஓடிவந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் நடை முழுக்கத் தலைகள். செயலாளர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“கேட்டியாம்மா?” என்றாள் மைக்கு. “இப்பவாவது நம்புறியா?”

அம்மா நேரே வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்டி. இப்படி ஊரைக் கூட்டிட்டியேடி, பாவி!”