மீன்காரன் மகன்

“இவன் ராஜா பிள்ளை இல்லீங்க. என் புருஷன் பார்துக்குப் பொறந்தவன். மீன்காரன் மகன்” என்றாள் யூரித்.

பெர்கன் நகர அரண்மனைக் கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. சத்தியம் செய்வதற்காகப் புனிதரின் எலும்பு வைத்த பேழைமேல் வைத்திருந்த அவள் கை நழுவியது. பிஷப்தான் அந்தக் கையை எடுத்துத் திரும்பவும் வைத்தார்.

எதிரே அவள் மகன் ஹல்வார்ட் சங்கிலியில் நின்றான். செத்துப்போன பெரிய ராஜாவின் மூத்த மகன் நான்தான், சிம்மாசனம் எனக்குத்தான் என்று மூன்று வருடம் படை திரட்டித் தோற்றவன். பிடிபட்ட பிறகு, தன் பேச்சு உண்மை என்று நிரூபிக்க, பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி ஒன்பது அடி நடந்து காட்டினான். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால், புண் சீழ் வைக்கவில்லை. கடவுளே சாட்சி சொல்லிவிட்டார் என்று பாதி ஊர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

“அம்மா, என்ன பேசுற நீ? பெரிய ராஜா நம்ம வீட்டுல தங்கினாருன்னு நீதானே சொன்ன?”

“பசிச்சு அழுத புள்ளையைத் தூங்கவைக்க எதையாவது சொல்லணுமில்ல? கதை சொன்னேன்டா.”

கூடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். ஹல்வார்டின் முகம் கறுத்துப்போனது.

“நீ எனக்கு அம்மாவே இல்ல. போ” என்றான்.

திட்டட்டும். உயிரோடு இருந்து ஆயுசுக்கும் திட்டட்டும். அவளுக்கு வேண்டியது அந்த உயிர் ஒன்றுதான்.

ராஜா அனுப்பிய கப்பலில் வரும்போதே அதிகாரி அவுதுன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். “ராஜ ரத்தம்னு உறுதியாச்சுன்னா தலை தப்பாதுக்கா. மீன்காரன் மகன்னா நாலு சாட்டையடியோட விட்டுருவாங்க. வலையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துருவான்.” கம்பளி போர்த்திவிட்டு, சூடாகப் பார்லிக் கஞ்சியும் கொடுத்தான். ராஜாவின் ஆட்களிலும் நல்லவன் இருக்கிறானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பெரிய ராஜாவின் இன்னொரு மகனான இளைய ராஜா ஆசனத்தைவிட்டு எழுந்து வந்தான்.

“சத்தியமா சொல்றியா தாயி?”

“சத்தியமா.”

“இரும்பைவிடப் பெத்தவ வாக்கு பெரிசு” என்றார் பிஷப். ராஜா அவர் பக்கம் திரும்பினான்.

“அதுதான் எனக்கும் வேணும் சாமி. கூடப் பொறந்தவனைக் கொன்னா பாவம் சும்மா விடாது, மடத்துல வெச்சுச் சோறு போடுன்னு சொன்னீங்களே. இப்ப அந்தத் தடை இல்லையே?”

பிஷப் தலையைக் குனிந்துகொண்டார். “இல்லை.”

“அப்ப, ராஜான்னு சொல்லி ஊரை ஏமாத்தின மீன்காரனை இன்னிக்கே எரிச்சிருங்க.”

யூரித் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவுதுனைத் தேடினாள்; அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஹல்வார்டை இழுத்துக்கொண்டு போகும் சங்கிலிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“பொய் சொல்லிட்டேன் ராஜா. உசிரு பிழைக்கட்டும்னு பொய் சொல்லிட்டேன். அவன் உங்கப்பாவோட பிள்ளைதான்.”

மறுபடியும் சிரிப்பு. பிள்ளையைக் கொளுத்தப் போகிறார்கள் என்றால் எந்தத் தாயும் இதைத்தான் சொல்லுவாள் என்றார்கள். பாவி மனுஷி, செய்த சத்தியத்தை எப்படித் திரும்ப வாங்குவாள்?

ராஜா குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னான்.

“தெரியும் தாயி. அவன் என் அண்ணன்னு சாகறப்ப எங்கப்பாவே சொல்லிட்டாரு.”