கண் சிவக்காத மாப்பிள்ளை

சிங்காரவேலுவுக்குப் பூனை என்றால் உயிர். மச்சான் வீட்டுக்குப் போகாமல் இருக்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது. மச்சான் அழகப்பன் வளர்ப்பது ஆறு பூனை. வாசலில் கால் வைத்தாலே இவர் கண் மிளகாய்ப்பழமாகிவிடும். செவ்வாய்க் கிரகத்தில் மனை வாங்கச் சொல்லும் மச்சானின் உபதேசத்திலிருந்து தப்பித்து ஓடிவந்துவிடலாம்.

அந்தச் சுகத்துக்குத்தான் கண்ணில் விடும் புதுச் சொட்டு மருந்து உலை வைத்தது. ஒரு தடவை விட்டால் ஆயுசுக்கும் போதும். அலர்ஜி என்று ஓடிவரும் வெள்ளை அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டமுடியாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும், கண் சிவக்காது. “எங்க அண்ணனைப் பார்த்து எத்தனை நாளாச்சு!” என்று தேன்மொழியே புருஷனுக்கு விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பறக்கும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். பூனைகள் மடியில் ஏறின. கண் பால் போல இருந்தது. கடைசி முயற்சியாக ஒரு பூனையை முகத்திலேயே தேய்த்துப் பார்த்தார். ஊஹூம்.

அதைப் பார்த்து அழகப்பனின் முகம் செத்துப்போனது. அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “சிங்காரவேலு அண்ணன் வரக்கூடாதுன்னுதானே ஆறையும் வளர்த்தீங்க? இனி எதுக்கு அதுங்களுக்குப் பால்?”

சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்றது. தன்னைக்கூட ஒருவனுக்குப் பிடிக்காமல் போகுமா!

அழகப்பன் தொண்டையைச் செருமினார். “மாப்பிள்ளை, இந்தச் சொட்டு நாய் முடி அலர்ஜிக்கும் கேக்குமா?”