கப்பலில் துணி காயுமா?

சிங்கப்பூர்க் கோப்பிக்கடை ஒன்றின் மேசையில் கியன் பூன் ஒரு வரைபடத்தை விரித்ததும் ஹுய் ஷானுக்கு எரிச்சல் வந்தது. மூன்று வருடக் காதல். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்காமல், கதைகளில் வரும் விண்கப்பல்களில் எதில் குடியிருக்கலாம் என்றே பேசிக்கொண்டிருக்கிறான். இன்றும் அவன் வாய் திறக்காவிட்டால் பிரிந்துவிடும் முடிவோடு வந்திருந்தாள்.

"கதவு தானாத் திறக்கும். கேட்டா சுவரே நூடுல்ஸ் தரும். பக்கத்து வீட்டுக்காரன் பாடுறது கேக்காது. வேறென்ன வேணும்?"

"உங்கம்மா?"

"அவங்களுக்கு வேற கப்பல்."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "துணியை எங்கடா காயப்போடுறது?"

அவன் வரைபடத்தின் ஒரு மூலையைக் காட்டினான். "இதோ, சமையலறை ஜன்னலுக்கு வெளியே."

"விண்வெளியிலயா?"

"இல்ல... இங்கதான், பொங்கோல் பேட்டையில."

குனிந்து பார்த்தாள். அது கப்பல் இல்லை. அரசு அடுக்குமாடி வீடு.

"கல்யாணம் பண்ணிக்கப்போற ரெண்டு பேர் பேரும் இருந்தாத்தான் விண்ணப்பிக்க முடியும்," என்று காது சிவக்கக் கைப்பேசியை நீட்டினான். "இன்னைக்குக் கடைசி நாள்."

"இதைக் கேக்க மூணு வருஷமா விண்வெளியைச் சுத்தணுமாடா, மக்கு?" என்றவள், அதைப் பிடுங்கித் தன் பெயரைத் தட்டினாள்.