கைப்பிடி இல்லாத சோபா

அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் விருந்துக்கு மூன்று உணவகங்களைப் பார்த்து, படியில்லாத, கழிவறை எட்டடியில் இருக்கிற இந்த இடத்தை மகள் பிடித்திருக்கிறாள். சோபாவில் உட்கார்ந்து பார்க்க மட்டும் மறந்துவிட்டாள். ஜன்னல் வெயிலில் அப்பா மெத்தைக்குள் அமிழ்ந்திருக்கிறார்; முழங்கால்கள் இடுப்பைவிட உயரத்தில் நிற்கின்றன. தளர்ந்த கால்களுக்கு எழும்போது கைதான் பலம். கைப்பிடியை அழுத்தினால்தான் உடம்பு முன்னால் சாய்ந்து கிளம்பும். அவர் உள்ளங்கைகள் இல்லாத கைப்பிடியை இருபுறமும் தடவிவிட்டு மடிக்குத் திரும்புகின்றன. "வேற நாற்காலி இருக்குங்களா?" என்று கேட்கிறாள் மகள். "எல்லா மேசைக்கும் இதேதாம்மா," என்கிறார் பரிமாறுபவர். "விடும்மா, ராஜா மாதிரி உக்காந்திருக்கேன்," என்று சிரிக்கிறார் அப்பா. சாப்பாட்டுக்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்கிறவர், கழிவறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, நிரம்பிய தம்ளரை விரலால் மெல்ல அவள் பக்கம் நகர்த்துகிறார். "தாகமா இல்லையாப்பா?" "வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."