இனிப் பத்தியமில்லை

அக்கா நண்டை உடைத்துச் சட்டியில் போட்டபடி வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

காலையில்தான் அத்தானின் ஸ்கான் படங்களோடு நானும் அவளும் டொக்டரிடம் போய் வந்திருந்தோம். அத்தான் வரவில்லை. கட்டிலை விட்டு எழும்ப மனிசனுக்குச் சீவனில்லை.

வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டதாம். இனி மருந்து ஏற்றினால் உடம்பு தாங்காதாம். இதையெல்லாம் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார்.

அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: “இனிப் பத்தியம் ஒண்டும் பாக்க வேண்டாம், அம்மா. அவர் விரும்பிக் கேக்கிறதைக் குடுங்கோ.”

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நண்டு கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, வருத்தக்காரருக்கு ஆகாது என்று ஒரு வருடமாக அவருக்குக் கஞ்சியும் புடலங்காயும்தான் கொடுத்து வந்தவள். பத்தியம் விட்டாயிற்றென்றால் வருத்தம் மாறுகிறது என்றுதானே எங்கள் ஊரில் அர்த்தம்.

அந்த இடத்திலேயே அத்தானுக்கு போன் எடுத்து, என்ன சாப்பிட ஆசை என்று கேட்டாள். நண்டு என்றாராம். மானிப்பாய்ச் சந்தையில் ஓட்டோவை நிற்பாட்டி வாங்கினாள். வீடு வரும்வரை சந்தோசத்தில் ஒரே புழுகம்.

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றடியில் போய் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அத்தானைத் தலையணையில் சாய்த்து இருத்தினோம். அக்கா நண்டுச் சதையைக் குழம்பில் தோய்த்து ஊட்டினாள். அவர் மெல்ல மெல்லச் சப்பினார். விழுங்க வெகுநேரம் எடுத்தது. பிறகு சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அடுத்த வாய்க்கு ஆவென்றவர், திடீரென்று நிறுத்தினார்.

“இண்டைக்கு வெள்ளியெல்லே?”

“இல்லையப்பா, வியாழன்,” என்றாள் அக்கா.

அவர் தலையாட்டிவிட்டு வாயைத் திறந்தார்.

அன்று வெள்ளிக்கிழமைதான். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமையில் ஒரு முட்டைகூட அடுப்பில் ஏறியதில்லை.

கோப்பையோடு குசினிக்குப் போனவளின் பின்னால் போனேன்.

“ஒருநாள் பொறுத்துச் சமைச்சிருக்கலாமே அக்கா?”

அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“நாளைக்கும் அவர் வாய் திறப்பாரெண்டு டொக்டர் உனக்குச் சொன்னவரோ, தம்பி?”