சிவப்புப் பேனா

அந்த அம்மாள் வீடு முழுக்க இங்கிலீஷ் சீட்டு ஒட்டியிருந்தாள். கதவில் ‘டோர்’, நாற்காலியில் ‘சேர்’.

“பள்ளிக்கூடமே தோத்துது போங்க! பேத்திக்கா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“அட, ஏன் கேக்கறீங்க! கதவைக் காட்டினா ‘சேர்’னு பதில் வருது. திருத்தினா முகம் வாடிடுது.”

“செல்லம் கொடுக்காதீங்க. ரெண்டு போடு போட்டா தானா வரும்.”

அம்மாள் சிரித்துக்கொண்டே அவளை அனுப்பிவிட்டு உள்ளே போனாள்.

முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த கணவர், பாடத்துக்குத் தயாராகக் காத்திருந்தார். பக்கவாதம் அவருக்குத் தமிழை விட்டுவைத்து, இங்கிலீஷை மட்டும் துடைத்துக்கொண்டு போயிருந்தது.

இன்று அம்மாள் தன் தோளிலேயே ஒரு சீட்டைக் குத்திக்கொண்டாள்: ‘வைஃப்’.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். இல்லை என்று தலையாட்டினார். பழைய சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, மேலே எழுதினார்:

‘டீச்சர்’.