ஆறு மணி இரைச்சல்

மாலை ஆறு மணி ஆனால் போதும், பக்கத்து வீட்டு ரேடியோக்காரம்மா சுவரை இடிக்க ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இந்தப் பக்கம், அதை ஒட்டி, இங்கே குடியிருந்தவளின் கம்ப்யூட்டர் மேஜை. வீட்டிலிருந்தபடியே டைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் அவள். மனு, பத்திரம், மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரை, எது வந்தாலும் சரி. சாயங்காலம்தான் ஆட்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்துச் சுவர் அதிரும். கூடவே மிஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தல்.

இத்தனைக்கும் அந்த மிஷினிலிருந்து ஒரு சத்தமும் வராது.

வயதில் மூத்தவர், உடம்புக்கு ஏதோ முடியவில்லை போல என்று முதலில் பொறுத்துப் போனாள். ஒரு நாள் ரேடியோக்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். உட்கார்ந்திருந்த ஆட்கள் முன்னாலேயே, "நீ பிழைக்கறதுக்கு என் வீட்டு வாயை அடைக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கட்டுரை அடிக்க வந்தவர் பாதியில் எழுந்து போனார். போனவர் திரும்பி வரவில்லை.

பைத்தியத்தோடு மல்லுக்கட்ட முடியாது என்றான் அவள் கணவன். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓனர்தான்; அவருக்கு போன் போட்டான். ஓனருக்கும் அந்தம்மா மேல் கடுப்பு இருந்தது. மொட்டை மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகக் கம்பி இழுத்துக் கட்டி வைத்திருக்கிறாராம். அடுத்த மாதமே காலி பண்ணச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

அந்த வாரம் அவளுடைய அண்ணன் வந்தான். மேடைகளுக்கு மைக், ஸ்பீக்கர் கட்டுகிறவன். கம்பி என்றதும் அவனுக்குப் பொறி தட்டியது. அவ்வளவு நீள ஏரியல் கம்பி பாட்டுக் கேட்க இல்லை என்று சொல்லிவிட்டு, தனியாகவே பக்கத்து வீட்டுக்குப் போனான். வெகுநேரம் கழித்து முகம் தொங்கிப்போய் வந்தான்.

அது படகோடு பேசுகிற ரேடியோ. ரேடியோக்காரம்மாவின் கணவர் ஆழ்கடலுக்குப் போகும் மீன்பிடிப் படகில் எஞ்சின் டிரைவர். எவ்வளவு தூரம் போனாலும் ஆறு மணிக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். இவளும் கணவனும் இந்த வீட்டுக்குக் குடிவந்த சமயத்தில் ஒரு புயல் அடித்ததே, அதில் அந்தப் படகு போய்விட்டது. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை என்று தேடினவர்கள் கைவிட்டார்கள். அந்தம்மா கைவிடவில்லை.

ஓனர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"அந்தம்மா ரேடியோ செட்டைப் போட்டா உன் கம்ப்யூட்டர் இரைச்சல்தான் கொட்டுது. ஒரு குரல் தேறல," என்றான் அண்ணன்.

அவளால் நம்ப முடியவில்லை. அண்ணன் தன் பையிலிருந்த சின்ன டிரான்சிஸ்டரைப் போட்டு மேஜைக்கு அடியில் நீட்டினான். வயர் பக்கம் கொண்டுபோகக் கொண்டுபோக, சுடுகல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சடசடத்தது. நம் காதுக்குத்தான் கேட்காது, கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டிக்குள் ஓயாமல் இரைச்சல் நடக்கிறது, அது வயர் வழியாக வெளியே வந்து ஊருக்கே வீசுகிறது என்று விளக்கினான்.

மறுமுறை வந்தபோது, இரைச்சலை வயரிலேயே அமுக்கிவிடுகிற ஃபெரைட் வளையங்கள் வாங்கிவந்தான். பார்க்கக் கறுப்புக் கல் மாதிரி இருந்தன. கம்ப்யூட்டர் வயரை ஒன்றுக்குள் விட்டு நாலைந்து சுற்றுச் சுற்றினான். மானிட்டர், பிரிண்டர், போன் சார்ஜர் என்று மிச்ச வயர்களில் டப்பி போலத் திறந்து மூடுகிற வளையங்களைக் கவ்வ வைத்தான். டிரான்சிஸ்டரை நீட்டிப் பார்த்தான். மூச்சுக் காட்டவில்லை.

அவளே ஓனருக்கு போன் செய்து, காலி பண்ணச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

அன்று ஆறு மணிக்குச் சுவர் இடிபடவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு டைப் அடித்தாள்.

ஆனால் ரேடியோக்காரம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலிக்கும் என்றான் கணவன். அவளுக்கும் உள்ளுக்குள் குறுகுறுத்தது. திட்டுவதற்கு வாசல்வரை வரத் தெரிந்தவருக்கு, இதற்கு வரத் தெரியவில்லையே.

ஒரு சாயங்காலம் கதவை மெல்லத் தட்டும் சத்தம். திறந்தால் ரேடியோக்காரம்மா. சரியாகச் சாப்பிட்டே நாளாகியிருக்கும் போல, கன்னம் ஒட்டிக் கிடந்தது. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"இப்ப இரைச்சல் இல்லல்ல, அக்கா?"

"இல்லம்மா. சுத்தமாக் கேக்குது."

குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாப் படகும் கூப்பிடுது. எந்தப் படகு, எவன் பேசறான், எல்லாம் தெரியுது. ஒருத்தன் இருமறதுகூடக் கேக்குது."

அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அதையெல்லாம் கழட்டிடும்மா," என்றார் ரேடியோக்காரம்மா. "உன் இரைச்சல் இருந்தவரைக்கும், அதுக்கு அடியில அவரும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்காருன்னு நம்பி உங்கூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்."